இடைச்சுவர்

இடப்பக்கம் ஒருக்களிச்சுப் படு, தம்பி.
கை தலைக்கு மேல.
ஜெல் சில்லுன்னு இருக்கும். கூசினா சொல்லு.

மஞ்சக்குப்பம். ஏசி பாதி வேலை செய்யும் எக்கோ அறை.
பதினோரு வருடமாக இந்த இருட்டில் உட்கார்ந்து
கடலூரின் நெஞ்சுக்குள் பார்க்கிறேன்.
இன்று மறுபடி மணவழகன்:
சோனாங்குப்பம், பத்தொன்பது வயது, ஐயாயிரம் மீட்டர்.

திரையில் வால்வு திறந்து மூடுகிறது,
தண்ணீருக்குள்ளேயே இருக்கும் மீனின் செவுளாய்,
அவசரமே இல்லாமல்.
நிமிடத்துக்கு நாற்பத்தாறு.

ஓடுகிறவன் இதயம் சுவரைத் தடிக்க வைத்தால்
கூடத்தையும் அகட்டிக்கொள்ளும்.
நோய்க்கு அந்த நாகரிகம் கிடையாது.
உள்பக்கமாகவே பூசிப் பூசிக்
கூடத்தைத் தின்றுவிடும்.
இவன் கூடம் ஐம்பத்தெட்டு மில்லிமீட்டர், விசாலம்.
துடித்து முடித்த தசை தளர்கிற வேகமும் நல்ல வேகம்.
ஆனால் இடைச்சுவர் பதின்மூன்று.

பதின்மூன்று எந்த ஊரும் இல்லை.
இரண்டு ஊருக்கு நடுவே
பேருந்து நிற்காத இடம்.

டாக்டர் கமலவேணி ஏப்ரலில் சொன்னார்:
மூன்று மாதம் ஓடாதே.
பயிற்சியால் தடித்த சுவர் ஓய்வில் மெலியும்.
நோயென்றால் மெலியாது.
அவன் அப்பா முப்பத்தெட்டில், விசைப்படகில்,
ஐஸ்பெட்டி மேல் சாய்ந்தவர்.
மாரடைப்பு என்றார்கள்.
யார் திறந்து பார்த்தார்கள்?

இன்று ஜூலை பத்து.
அளக்கிறேன். பதின்மூன்று.
படத்தை நிறுத்தி அடுத்த துடிப்பில் அளக்கிறேன்.
பன்னிரண்டு புள்ளி ஒன்பது.
அந்தப் புள்ளி ஒன்று என் கை நடுக்கம்.

"கொறஞ்சிருக்காக்கா?"

முடிவை நான் சொல்லக் கூடாது.
துடைச்சுக்கோ என்று காகிதம் கொடுத்துவிட்டு
அடுத்த பெயரைக் கூப்பிட வெளியே போனேன்.
வாசலில் செருப்புகள்.
நடுவே அவன் ஷூ.
அடிப்பள்ளங்களில் ஈரம் காயாத மணல்.

திரும்பி வந்தேன்.
சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான்.
"எத்தனை நாள்?"
பொத்தான் ஓட்டை மாறியது.
"தினமும் இல்லக்கா. ஆகஸ்ட்ல மாநிலப் போட்டி, அதான்..."
"எத்தனை நாள்?"
"ஞாயித்துக்கெழம மட்டும் ஓடல."

கோபம் வந்தது.
அதற்கு அடியில், வெட்கமில்லாமல், ஒரு நிம்மதி.
அப்படியென்றால் இந்தப் பதின்மூன்று
இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

ரிப்போர்ட்டில் எப்போதும் காலியாக விடும் கடைசி வரியில்
அடித்தேன்: ஓய்வு எடுக்கவில்லை. நோயாளியே சொன்னது.
இனி எம்ஆர்ஐக்குப் புதுச்சேரி போகச் சொல்வார்கள்.
தசைக்குள் தழும்பு இருந்தால்
மருந்து ஏறியபின் வெள்ளையாய்த் தங்கிவிடுமாம்.
அது டாக்டர் பாடு.

என் பாடு,
ஷூவை எடுத்து மேசை டிராயரில் பூட்டினேன்.
"அக்டோபர்ல வந்து வாங்கிக்கோ."

சிரித்தான்.
வெறுங்காலோடு மாடிப்படி இறங்கினான்,
இரண்டிரண்டு படியாக.