செயப்பாட்டு வினை

ஜூன் மாதம். மொகோட்லோங் மலைகளில் பனி இறங்கிவிட்டது.
தகரக் கூரையின் கீழ் நாற்பத்தொரு பேர்.
சீருடைக்கு மேல் கம்பளி, கம்பளியில் ஒரு பெரிய ஊக்கு.
பேனாவை அக்குளில் கொஞ்ச நேரம் வைத்தால்தான்
மை இறங்கும்.

மொகேத்தி ஐயா கரும்பலகையில் எழுதினார்:
நாய் எலும்பைத் தின்றது.
எலும்பு நாயால் தின்னப்பட்டது.
"தலையை வாலாக்கு, வாலைத் தலையாக்கு. அவ்வளவுதான்."
பிறகு, சுண்ணத்தூளைத் தட்டிக்கொண்டே, போகிற போக்கில்:
"செய்தவர் யாரென்று தெரியாவிட்டால்,
அல்லது சொல்லத் தேவையில்லாவிட்டால்,
'நாயால்' என்பதை விட்டுவிடலாம்."

விட்டுவிடலாமா!
கடைசி பெஞ்சில் செகாகே நிமிர்ந்து உட்கார்ந்தான்.
ஆங்கிலம் அவனுக்குப் பிடித்துப்போன முதல் நாள் அது.

அந்த வெள்ளிக்கிழமையே மூன்று ரொட்டி குறைந்தது.
விடுதி வார்டன் எங்களை வெளியே வரிசையில் நிறுத்தினாள்.
வளாகத்துக்குள் ஆங்கிலம் மட்டும்தான், அது விதி.
செகாகே ஓர் அடி முன்னால் வந்தான்.
"ரொட்டிகள் உண்ணப்பட்டன, மேடம்."
"எப்போது?"
"இரவில் உண்ணப்பட்டன."
"யாரால்?"
"அது விடப்பட்டுள்ளது, மேடம்."
அவன் தாடையில் ஒரு துணுக்கு இன்னும் ஒட்டியிருந்தது.
கம்பளியை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தோம்.
ஒரு வாரம் ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்தான்.
இலக்கணம் சரி என்று மொகேத்தி ஐயா சொன்னதாகக் கேள்வி.

அதன்பின் எங்கள் பள்ளியில்
காலுறைகள் மாற்றப்பட்டன.
ஜன்னல் உடைக்கப்பட்டது.
தியேகெட்செங்குக்கு ஒரு கடிதம் எழுதப்பட்டது,
அது இரண்டு விடுதிகளிலும் படிக்கப்பட்டது.
காரியமெல்லாம் நடந்தது, ஆளைத்தான் காணோம்.
செசோத்தோவிலும் இப்படிப் பேச முடியும்.
ஆனால் அதில் பேசினால்
அம்மாக்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆகஸ்டில் ந்ச்வாகியின் தம்பி
குதிரையில் ஒரு நீள உறை கொண்டுவந்தான்.
வீட்டில் படிக்க ஆளில்லை.
எல்லைக்கு அப்பால் தங்கச் சுரங்கத்திலிருந்து, அவள் அப்பாவுக்கு.
மாலைப் படிப்பு நேரம். ஒரு மெழுகுவத்தி, இரண்டு அகராதி,
ஒன்பது தலைகள்.

மூன்றாம் சுரங்கவாய் மூடப்பட்டுள்ளது.
தங்கள் பணி முடிவுக்குக் கொண்டுவரப்படுகிறது.
மார்புப் பரிசோதனை பின்னர் பரிசீலிக்கப்படும்.
இருபத்திரண்டு ஆண்டு ஒத்துழைப்பு பாராட்டப்படுகிறது.

அகராதி தேவைப்படவே இல்லை.
ந்ச்வாகி பென்சிலால் வரிவரியாக அடிக்கோடிட்டாள்.
வகுப்பில் செய்வதுபோல வாலைத் தலையாக்கிப் பார்த்தாள்.
யாரோ மூடினார். யாரோ முடித்தார்.
யாரோ பிறகு பார்ப்பார். யாரோ பாராட்டுகிறார்.
செகாகே எழுந்து வெளியே போய்விட்டான்.

பட்டவரை எங்களுக்குத் தெரியும்.
போன விடுமுறையில் ஆட்டுத்தொழுவச் சுவரில் சாய்ந்து
இருமி முடிக்கும்வரை ஒரு கையை உயர்த்தி
எங்களைக் காத்திருக்கச் சொன்னார்,
வணக்கம் சொல்ல.

அலுவல் கடிதம் எழுதக் கற்றிருந்தோம்:
வலப்பக்கம் முகவரி, கீழே தேதி, ஐயா.
ந்ச்வாகி எழுதினாள்:
'தங்கள் கடிதத்தில் நான்கு எழுவாய்கள் விடுபட்டுள்ளன.
தயவுசெய்து அனுப்பிவைக்கவும்.'

மொகேத்தி ஐயா சிவப்புப் பேனாவைத் திறந்தார்.
வெகுநேரம் திறந்தே வைத்திருந்தார்.
தேதிக்குப் பக்கத்தில் ஒரு காற்புள்ளி போட்டுவிட்டு மூடினார்.
பதில் இன்னும் இல்லை.

நவம்பர் தேர்வு, ஏழாம் கேள்வி. மாற்றி எழுதுக:
யாரோ கதவைத் தட்டுகிறார்.
நாங்கள் எல்லோரும் 'கதவு தட்டப்படுகிறது' என்று முடித்தோம்.
அவள் மட்டும் 'யாராலோ' என்பதை விடவில்லை.
தேவையற்ற சொல், அரை மதிப்பெண் குறைவு.

குறைத்தவர் ஓரத்தில் கையெழுத்திட்டிருந்தார்,
முழுப் பெயருடன்,
எல்லா எழுத்தும் தெளிவாக.