பாகற்காய்க்குக் காகிதச் சட்டை

பகாவ் ரயில் பாதைக்கும் செம்பனைக்கும் நடுவில்
யார் கணக்கிலும் ஏறாத பதினெட்டடி அகலம்.
அங்கேதான் என் பாகல் பந்தல்.
தோட்டத்து வேலியில் கொடி ஏறக் கூடாது;
மண்டோர் போட்ட ஒரே நிபந்தனை அது.

ஈக்கு யார் நிபந்தனை போடுவது?

குளவி மாதிரி மஞ்சள் வரி, கண்ணாடிச் சிறகு.
விரல் நீளப் பிஞ்சாகத் தேடிப் பிடித்துப்
பின்பக்க ஊசியை இறக்கும்,
கிளினிக் மிஸ்ஸியின் கை போல, வலிக்காமல்.
மறுநாள் அந்த இடத்தில் ஒரு சொட்டுப் பிசின்.
வேறு அறிவிப்பு கிடையாது.

முட்டைக்கு ஒரு நாள்.
கையுறை ஆலையில் இரவு ஷிஃப்டு முடித்து
நான் தூங்கும் ஒரு பகல் அதற்குப் போதும்.
புழுவுக்கு ஐந்து நாள், சில வேளை ஆறு.
காய் பச்சையாகவே தொங்கும்,
ஒரு பக்கம் மட்டும் லேசாகக் கோணி.
ஏழாம் நாள் எனக்கு ஓய்வு.
அறுத்தேன். விதை இருக்க வேண்டிய இடமெல்லாம்
நெளிகிற வெள்ளை.
இரண்டு புழு உடம்பை வில்லாக வளைத்து
என் கைலி மேல் துள்ளின.

தவுக்கே லியோங் கத்தியைக்கூட எடுக்கவில்லை.
கட்டைவிரலால் ஒரு அமுக்கு.
கூடையைக் காலால் என் பக்கம் தள்ளினான்.
பதினாலு கிலோ.

பக்கத்து வரிசையில் கீரை போடும் ரஃபீக்குல்
பந்தலடி மண்ணைக் கிளறிக் கையை நீட்டினான்.
கைக்குத்தல் அரிசி போலப் பழுப்புக் கூடுகள், நாலைந்து.
"மாத்தி இல்லே அக்கா, தீடோர்."
சாகவில்லை, தூக்கமாம்.
பத்து நாள் தூக்கம்!
எனக்கு வாய்த்ததில்லை அப்படி ஒன்று.
கொஞ்சம் பொறாமைப்பட்டேன்,
அப்புறம் செருப்பால் தேய்த்தேன்.

விழுந்த காய்களைக் கறுப்புப் பையில் இறுக்கி
வெயிலில் வேகப் போட்டோம்.
புதுப் பிஞ்சுக்கெல்லாம் பழைய தமிழ்ப் பேப்பரில் சட்டை,
காம்போரம் ஸ்டேப்ளர் அடித்து.
ஒரு காய்க்கு மரண அறிவித்தல்.
ஒரு காய்க்குத் தங்க விலை.
பெரிய பிஞ்சுக்கு,
பக்கம் முழுக்கக் கைகூப்பும் ஒய்.பி.

இன்று விடிய ஆலை பஸ் இறங்கி நேரே வந்தேன்.
நாற்பத்தொரு சட்டை, இரவு மழையில் ஊறிப்போய்.
ஒய்.பி.யின் நெற்றியில் ஒரு ஈ உட்கார்ந்து
ஊசியால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஓட்டினேன். நாலு காய் தள்ளிப் போய் உட்கார்ந்தது.
பையில் பேப்பர் இல்லை.
ரஃபீக்குலைக் கூப்பிட்டேன்.