ஒடுங்கல்

கொழும்பிலிருந்து வந்த சுற்றறிக்கையின்
ஆறாம் பந்தி சொல்கிறது:
"கடுங்குளிர் மாதங்களில்
யன்னற் கண்ணாடியின் உட்புறம் நீர் படியும்.
வெப்பமூட்டியை நிறுத்த வேண்டாம்.
காலையில் துடைத்து உலர்த்தவும்."

எந்தப் பனிநாட்டுக் கைநூலிலிருந்து
யார் பெயர்த்தாரோ.
களுவாஞ்சிகுடியில் வெப்பமூட்டி என்றால்
பின்பக்கம் சுகிர்தன் தேத்தண்ணி வைக்கிற
மின்சாரக் கேத்தல்தான்.

எங்களுக்கு எல்லாம் மறுபக்கம்.
மார்கழி மழைக்கு இன்று பதினோராம் நாள்.
பதிவறையை இரண்டு ஏசி
இருபதில் பிடித்து வைத்திருக்கின்றன.
வெளியே வாவியும் கடலும்
ஒரே காற்றாகி நிற்க,
கண்ணாடி வெளிப்பக்கம் வியர்க்கிறது.
துடைக்க வேண்டுமென்றால்
குடை பிடித்துக்கொண்டு போக வேண்டும்.

ஈரமானி எழுபத்தெட்டு.
ஐம்பதைத் தாண்டாதே என்கிறது தாள்.
கல்முனைச் செருப்புக்கடை நவ்சாத்
பெட்டிகளுக்குள் வருகிற
"தின்னாதே" என்று அச்சடித்த குட்டிப் பொட்டலங்களை
ஒரு சொப்பிங் பேக் நிறையச் சேர்த்துத் தந்தார்.
தட்டுத் தட்டாக வைத்திருக்கிறேன்.
தின்பதுதான் அவற்றின் வேலை.
போதவில்லை.

எட்டாம் வகுப்பில் இதற்குப் பெயர் ஒடுங்கல்.
ஆவி, குளிர்ந்த பரப்பைத் தொட்டால்
ஒடுங்கி நீராகும்.
எழுதினேன், இரண்டு புள்ளி.
கந்தோர் வாசலில் ஒடுங்குவது எது என்று
வினாத்தாளில் கேட்கவில்லை.

பதினொரு மணிக்குக் கண்ணாடியில் ஒரு விரல்.
சின்ன விரல். வெளியிலிருந்து கீறுகிறது.
எனக்கு இடம்வலம் மாறி வருகிறது.
ப மட்டும் எந்தப் பக்கமிருந்தும் ப.
இரண்டு ப நேராக நிற்க
மற்றதெல்லாம் முதுகு காட்டின.
பைலை வைத்துவிட்டு எழுத்துக்கூட்டினேன்:
பபிதரன்.
ஒவ்வொரு கோட்டுக்குள்ளும்
அவனுடைய மஞ்சள் சட்டையில் ஒரு கீற்று.
பிறகு பெயர் வடிந்து
யன்னற் கட்டையில் சேர்ந்தது.

தாய் மூன்றாந் தடவை வந்திருக்கிறா.
வேலாப்போடி கோகுலவதனி.
பாஸ்போட்டுக்குத் தன் பிறப்புப் பத்திரம் வேண்டும்.
முன்பு இரண்டு முறையும்
"தாள் ஒட்டிக் கிடக்கு, காயட்டும்" என்றேன்.
பொய்யில்லை.
தொண்ணூறாம் ஆண்டுப் புத்தகத்தில்
இருநூற்றுப் பன்னிரண்டும் பதின்மூன்றும்
ஒன்றையொன்று விடமாட்டேன் என்றன.

இன்று பவுடர் தூவி
பிளேட்டின் மொட்டைப் பக்கத்தால்
மயிரளவு மயிரளவாகப் பிரித்தேன்,
மூச்சை வேறு பக்கம் விட்டபடி.
என் மூச்சும் ஈரம்தானே.

பிரிந்தது.
அவவின் தாளில் வெறும் நீலப் புகை.
மை முழுக்க எதிர்த்தாளுக்குக் குடிபெயர்ந்து
திரும்பி நின்று என்னைப் பார்த்தது.

பயிற்சி இருந்தது.
கொஞ்ச நேரத்துக்கு முன்புதான்
ஒருவன் பழக்கிவிட்டிருந்தான்.

தகப்பன் தொழில்: கமம்.
இடம்: பெரியகல்லாறு.
திகதியில் மட்டும் பூஞ்சணம்.
ஒன்பதா, பத்தொன்பதா?

கவுண்டர் ஓட்டையால் கேட்டேன்.
"முகத்துவாரம் வெட்டின அண்டைக்கு
எண்டு அம்மா சொல்லுவா.
வெள்ளம் கடலுக்க இறங்க இறங்க
நான் வந்தனாம்."

படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

அப்போது பார்த்துக் கரண்ட் போனது.
இரண்டு ஏசியும் சொட்டிச் சொட்டி ஓய்ந்தன.
எழுபத்தொன்பது. எண்பது. எண்பத்திரண்டு.
சுற்றறிக்கையை இரண்டாக மடித்து
இருநூற்றுப் பதின்மூன்றாம் தாளுக்கு விசிறினேன்.
முதன்முதலாக ஒரு வேலைக்கு ஆயிற்று.

அறை சூடேற, கண்ணாடி
மூலையிலிருந்து தெளிந்துகொண்டு வந்தது.
முதலில் ஒரு குடைக்கம்பி,
பிறகு சேலைத் தலைப்பு,
பிறகு மூக்கை அப்பிக்கொண்டு அவன்.
மூச்சுப் பட்ட வட்டம் மட்டும்
திரும்பவும் வெளுத்தது.

அதில் ஒரு புள்ளி வைத்தான்.
எழுத்தைப் பிறகு யோசிப்பான் போல.