நிகர எடை

பதினொரு வருடமாய் மணலியில்
சரக்குப் பெட்டக யார்டில் ரசீது அடிக்கிறேன்.
துணி, தோல், தேங்காய் நார்,
உடைந்தால் கம்பெனி பொறுப்பில்லை என்கிற பீங்கான்.
ஒருமுறை நாற்பதடிப் பெட்டி முழுக்கப்
பொம்மைக் கண்கள்.
எதையும் நான் திறந்து பார்த்ததில்லை.

தமாமிலிருந்து வாட்ஸப்பில் வந்த தாளை
அதனால் எனக்குத்தான் படிக்கத் தெரிந்தது.
பெறுநர்: நான். பெயரில் ஓர் எழுத்துப் பிழை.
உருப்படி ஒன்று.
பொருள்: மனித உடலம்.
வணிக மதிப்பு: இல்லை.
மொத்த எடை நூற்றுப் பதினெட்டு கிலோ.
நிகர எடைக்குக் கட்டமே இல்லை.

தணிகைவேல் அண்ணன் கிளம்பிய அன்று
சூட்கேஸ் மூன்று கிலோ கூடிப்போனது.
ஏர்போர்ட் தரையில் குந்தி
ஊறுகாய் பாட்டிலையும் வஞ்சிரக் கருவாட்டையும் உருவி
என் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.
அந்த வாரமே குழம்பு வைத்துத் தின்றோம்.

இருபத்தாறு நாள்.
போலீஸ் தாள், எம்பசி தாள், நடுவில் ரம்ஜான் லீவு.
கூட வேலை செய்த கடையநல்லூர் காஜா மைதீன்
ராத்திரி ராத்திரி கூப்பிடுவார்:
"இன்னும் ஒரு கையெழுத்துதான்மா பாக்கி."
தினமும் அதே ஒரு கையெழுத்து.

அண்ணி முதல் நாளே அழுது முடித்தாள்.
ஒன்பதாம் நாள் ரேஷனுக்குப் போனாள்.
பதினைந்தாம் நாள் எதற்கோ சிரித்து
சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.
பொட்டை என்ன செய்வதென்று
ஒருவரும் சொல்லவில்லை.
வைத்தும் வைக்காமலும்
கடுகளவு வைத்திருந்தாள்.

விமானம் இரண்டு தடவை மாறியது.
அட்வான்ஸ் வாங்கிய மேளக்காரர் தேசப்பன்
மூன்றாம் தடவை கேட்டார்:
"இன்னாம்மா, இந்த தபா கண்டிப்பா வர்றாரா?"

மீனம்பாக்கம் கார்கோவில் விடிகாலை நாலு மணி.
கவுண்டரில் என்னைப்போல் ஒருத்தி
முகம் பார்க்காமல் முத்திரை குத்தினாள்.
கோபம் வரவில்லை.
நானும் அப்படித்தான்:
வலது மூலை, மை பரவாமல்.

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
ஆம்புலன்ஸ் டிரைவர் சைரனை அணைத்தார்,
"கூட்ஸுக்கு இதெல்லாம் காதுல ஏறாது."
பழக்க தோஷம், பெட்டகங்களை எண்ணினேன்.
நாற்பத்து மூன்று.
நீலத்தில் இரண்டு நான் ரசீது அடித்ததாய் இருக்கலாம்.
கடல் தாண்டி வந்தவன்
வீட்டுக்கு ரெண்டு தெரு முன்னால்
அரைமணி நேரம் நின்றான்.

ஹவுசிங் போர்டு படிக்கட்டில் பெட்டி திரும்பவில்லை.
முதல் வளைவிலேயே இடித்தது.
நிமிர்த்தித் தூக்கலாம் என்றான் ஒருவன்.
மூன்றாம் மாடியிலிருந்து அண்ணி கத்தினாள்:
"நிக்க வெக்காதீங்க, அவருக்கு முட்டி வலி!"

தண்ணி லாரி வரும் இடத்தில்
வரிசை போட்டிருந்த குடங்களைத் தள்ளிவிட்டு
அங்கேயே இறக்கினோம்.
யார் குடம் யாருக்கு முன்னால் என்று
அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.
மறுநாள் கேட்டார்கள்.

திறக்க வேண்டாம் என்று எழுதியிருந்தது.
ஸ்க்ரூ டிரைவர் கேட்டது நான்தான்.
புதுச் சட்டை, காஜா மைதீன் வாங்கியது,
காலருக்குள் அட்டையை எடுக்க மறந்திருக்கிறார்.
எடுத்தேன்.
இன்னமும் என் பர்ஸில் இருக்கிறது,
எதற்கென்று தெரியவில்லை.

மூலக்கொத்தளத்தில் மண் ஈரமாயிருந்தது.

பெட்டிப் பலகையை எதிர் பிளாக்காரர்
கோழிக்கூண்டு அடிக்கக் கேட்டு வாங்கிப் போனார்.
"இந்தப் பக்கம் மேலே" அம்புக்குறி
இப்போது பக்கவாட்டில்
எண்ணூரைக் காட்டிக்கொண்டிருக்கிறது.

வருஷம் நெருங்குகிறது.
பையன் கேட்கிறான்:
படையல் அப்பா செத்த நாளுக்கா, வந்த நாளுக்கா?
ரெண்டு நாளும் ஆக்கிடலாம் என்கிறாள் அண்ணி.
ஒரு நாளாவது கருவாட்டுக் குழம்பு வை,
மூணு கிலோ பாக்கி இருக்கு என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை.
புளி ஊறப்போடப் போய்விட்டாள்.