எளிய சொல் எழுதுகிறவள்

மருத்துவர்கள் எழுதித் தள்ளும் கடிதங்களை
மனிதர்கள் படிக்கும்படி மாற்றித் தருவது என் உத்தியோகம்.
ஈசாஃப்யோர்துர் ஆஸ்பத்திரியில் இரண்டாவது மாடி.
ஜன்னலுக்கு வெளியே துறைமுகம்.
நவம்பர் முடியும்போது வெயிலை
மலை வாங்கி வைத்துக்கொள்ளும்,
ஜனவரிக் கடைசியில்தான் திருப்பித் தரும்.

'நெகட்டிவ்' என்று வந்தால்
'தேடியது கிடைக்கவில்லை, நல்லது' என்று எழுதுவேன்.
'நோய் முன்னேறியிருக்கிறது' என்று வந்தால்
முன்னேற்றத்தை முதலில் அடிப்பேன்:
அதைப் படித்துவிட்டு
கேக் வாங்கி வெட்டிய குடும்பம் ஒன்று உண்டு.
'இடியோபதிக்' என்றால்
ஏன் வந்ததென்று எங்களுக்கும் தெரியாது.
இதை மட்டும் அப்படியே எழுத
யாரும் என்னை விடுவதில்லை.

பொலுங்கார்விக்கிலிருந்து தோர்கில்ஸ் வந்தார்,
என் கையில் படாமல் தப்பிப் போன கடிதத்தோடு.
லிஃப்ட் இருக்க, படியேறி வந்தார்.
நடுவில் இரண்டு முறை நின்றது
கதவுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.
நாற்பது வருடம் மீன்பிடிப் படகுகளில் இன்ஜின் பார்த்தவர்,
நகக்கண்ணில் இன்னும் டீசல்.

"நெஞ்சுவலியை மறுக்கிறார் என்று போட்டிருக்கிறாள்.
நான் எதை மறுத்தேன்?
வலிக்கிறதா என்றாள், இல்லை என்றேன்.
இதென்ன போலீஸ் ஸ்டேஷனா?"

'மறுக்கிறார்' என்பதை அடித்து
'இல்லை என்றார்' என்று
அவர் கண்ணெதிரே எழுதினேன்.

அடுத்த வரி, இதயச் செயலிழப்பு.
அதன் மேல் அவர் விரல் நின்றது.
"செயலிழந்தது என்றால் நின்றுபோனது.
நின்றுபோயிருந்தால் உன் படியில் ஏறியது யார்?"

நிற்கவில்லை, பம்பு தளர்ந்துவிட்டது என்றேன்,
அதனால்தான் காலில் நீர்,
படுத்தால் மூச்சு முட்டல்.

"பம்பு தளராது.
வாஷர் போகும், ஷாஃப்ட் தேயும். எது?"

நூறு பங்கு ரத்தம் உள்ளே வந்தால்
உங்களுக்கு முப்பதுதான் வெளியே போகிறது.
நல்ல இதயமே அறுபதுதான் தள்ளும்.

"அப்படியென்றால் பாதி லோடு" என்றார்.

ஆறு மாதமாக நான் தேடிக்கொண்டிருந்த சொல்.
கையில் கிடைத்த ரசீதின் பின்னால் குறித்துக்கொண்டேன்.

கடைசி வரி டாக்டர் இங்குன் எழுதியது:
ஹோர்ஃபூர் நன்றாக இல்லை.

என் பட்டியலில் சிவப்பில் அடித்த சொல் அது.
அதற்குப் பதில் நான் வைத்திருந்தது
'இனி நோய் எப்படிப் போகலாம் என்பது குறித்த மதிப்பீடு.'
குழுவில் மூன்று கூட்டம் போட்டுப் பஞ்சு சுற்றிய வாக்கியம்.
அதைச் சொல்ல வாயெடுத்தேன்.
அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இது எனக்குத் தெரியும்."

தெரியாதா பின்னே?
பிறந்ததிலிருந்து ரேடியோவில் கேட்ட சொல்.
சமையலறையில், இன்ஜின் அறையில்,
வலை இழுக்கப் போகும் முன் எல்லாரும் வாய் மூடிக் கேட்ட சொல்.
நாளைக்குக் காற்று எந்தப் பக்கம், அலை எத்தனை மீட்டர்.
வானத்துக்கும் உடம்புக்கும் எங்கள் மொழியில் ஒரே சொல்தான்.
எனக்குத்தான் மறந்துபோயிருந்தது.

"நன்றாக இல்லை என்று சொன்ன நாளில்
எத்தனை தடவை கிளம்பியிருக்கிறோம்" என்றார்.
கொஞ்சம் கழித்து,
"கிளம்பாமல் இருந்திருக்கலாம், ஒரு தடவை."
யாருடைய பெயரோ உதடு வரை வந்தது.
சொல்லவில்லை.

கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்தார்.
"படகை எப்போது கட்டுவது என்று மட்டும்
அந்தப் பெண்ணிடம் கேட்டுச் சொல்."

கேட்கிறேன் என்றேன்.
லிஃப்டில் கூட இறங்கிப் போய்
வண்டி கிளம்பும்வரை நின்றேன்.

மேலே வந்து பட்டியலை எடுத்து
சிவப்புக் கோட்டை ரப்பரால் தேய்த்துப் பார்த்தேன்.
பேனாக் கோடு, போகவில்லை, தாள்தான் கிழிந்தது.
பக்கத்தில் மறுபடியும் எழுதினேன்.
ஹோர்ஃபூர்.
எதிரே பொருள் எழுதும் கட்டத்தை
காலியாக விட்டேன்.