பதில் வராவிட்டால்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு போன்களில்
என் கச்சான் வீசுகிறது.
காசு கட்டியவை அறுபத்தொன்று.
இரவு பதினொரு மணிக்கு இந்தக் கணக்கைப் பார்ப்பது
நல்ல பழக்கமில்லை.

செயலியின் பெயர்தான் கச்சான்.
காற்று எந்தப் பக்கம், நீரோட்டம் எப்படி,
போன கிழமை வலை போட்ட இடம் எது,
கரைக்குத் திரும்ப எத்தனை பாகை.
விலை நானூற்றைம்பது ரூபா,
இன்றைய கணக்கில் அரைக் கொத்துரொட்டி.

என்.சி. வீதியில் ஒரு கடை.
போனுக்குக் கண்ணாடி ஒட்டினால்
கச்சானைச் சும்மா ஏற்றித் தருகிறார்களாம்.
பூட்டுக் கழற்றிய கச்சான்.
நானும் போய் ஒட்டிப் பார்த்தேன்.
உண்மைதான்.
குமிழி இல்லாமல் நன்றாகவும் ஒட்டினார்கள்.

அன்றிரவே எழுதினேன்:
ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சேர்வரைக் கேள்.
இவர் யார், கட்டினாரா, எப்போது,
சீட்டில் உள்ள கையொப்பம் சரியா.
ஆம் என்று வந்தால் கடலைக் காட்டு.
மற்றப்படி சாம்பல் திரை.

எழுதிய லாப்டொப்பின் வலது மூலையில்
மூன்று வருடமாக ஒரு வெளிறிய வரி:
உங்கள் விண்டோஸ் செயற்படுத்தப்படவில்லை.
வேறொரு பெட்டியை இழுத்து அதன்மேல் வைத்துவிட்டு
வேலையைத் தொடர்ந்தேன்.

திருக்கடலூர் பிலேந்திரன் அண்ணை
அறுபத்தொருவரில் ஏழாவது.
வெளிச்சவீடு கண்ணுக்கு மறைந்த தூரத்தில்
விடியப்பறம் மூன்று மணிக்கு, மழை இருட்டில்,
கச்சானைத் திறந்திருக்கிறார்.
அங்கே டவர் இல்லை.
ஆம் சொல்ல ஒருவரும் இல்லை.
உரிமம் உறுதிப்படுத்தப்படவில்லை என்று
நான் தேடி எடுத்த எழுத்துருவில்
நான் தேடி எடுத்த சாம்பலில்
திரை சொல்லியிருக்கிறது.
மூன்று தடவை மூடித் திறந்தாராம்.
ஈரக் கைதான் பிழை என்று
சாரத்தில் துடைத்து நாலாம் தடவை.

பிறகு கிண்ணியாப் பெடியன் றுஸ்லியின் படகைக் கண்டு
அதன் வாலைப் பிடித்தபடி வந்து சேர்ந்தார்.
றுஸ்லியின் போனில் கச்சான்
ஒரு கேள்வியும் கேட்காமல் ஓடிக்கொண்டிருந்தது.
கண்ணாடி ஒட்டிய கச்சான்.

காலையில் கோல்.
“தங்கச்சி, நான் காசு கட்டினனான்தானே?”
கட்டினீங்கள் அண்ணை.
“இல்ல, எதுக்கும் எண்டு
மகன்ட கணக்கில இன்னொருக்காக் கட்டிப்போட்டன்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.
அவர் என்னைச் சந்தேகிக்கவில்லை,
செயலியையும் இல்லை.
துறைமுகத்துக்குப் போகிற ஒரே வீதியில்
நாலு இடத்தில் இறங்கி
அட்டை நீட்டிய காலத்து மனிதர்.
இல்லை என்று எது சொன்னாலும்
கை முதலில் தன் சட்டைப்பையைத்தான் தடவும்.

நேற்றுப் பின்னேரம் முழுக்க டச்பே கடற்கரையில்
போனை ஃபிளைட் மோடில் போட்டுத்
திறந்தேன், மூடினேன், திறந்தேன்.
கோட்டை வாசலால் வெளிக்கிட்டுக்
கடைத்தெரு வரை உலாவும் மான்களில் ஒன்று
என் பைக்குள் மூக்கை விட்டது.
பிஸ்கட் இல்லை என்றதும் போய்விட்டது.

புதிய வரிகள் இவை:
கரையில் ஒரு தடவை கேள்.
சீட்டைப் போனிலேயே வை, நாற்பது நாள்.
இடையில் பதில் வராவிட்டால்
ஆம் என்று எடுத்துக்கொள்.

ஓட்டை இருக்கிறது. எனக்குத் தெரியும்.
என்.சி. வீதிக்கு நாளை தெரியும்.
இருக்கட்டும், மழைக்காலம் வருகிறது.

சேர்வர் இப்போது அறுபத்திரண்டு என்கிறது.
ஒருவரை இரண்டாக எண்ணி வைத்திருக்கிறது.
ராத்திரியே நானூற்றைம்பதைத் திருப்பி அனுப்பினேன்.

இன்று மதியம் கதவுப் பிடியில்
ஒரு ஷொப்பிங் பை தொங்கியது.
இரண்டு கும்பளா, இன்னும் குளிர்.
யார் தந்தது என்று தெரிந்தும்
பழக்கதோஷத்தில்
செவுளைத் தூக்கிப் பார்த்தேன்.