ஐந்து நிறம், ஒரு நிறம்

ஜப்பான் ஆர்டர், ஆறாயிரம் பனியன்.
நெஞ்சில் பழைய மரக்கட்டைப் படம்:
யோகோஹாமாவில் கப்பல் இறங்கிய வெள்ளைக்காரன்.
மூக்கு முருங்கைக்காய் நீளம்,
தாடி செங்கல் நிறம்,
கண் மட்டும்
கண்ணபுரம் சந்தையில் விலைபோகாத கன்றுக்குட்டி.

ராயபுரத்து யூனிட்டில் சிரிப்பு அடங்கவில்லை.
"ஆளைப் பார்க்காமயே வரைஞ்சுபோட்டானாட்ட இருக்குதுங்."

அடுத்த டிசைன் சில வருசம் பிந்தியது.
அதே மாதிரி ஆள், மூக்கு சுருங்கியிருந்தது.
மடியில் குழந்தை, கையில் தர்பூசணிக் கீற்று.
சட்டையில் ஒழுகிய சாறு வரைக்கும்
செதுக்கியிருந்தான் எவனோ.

ஐந்து நிறம், ஐந்து ஸ்க்ரீன்.
சிவப்பு ஒரு நூல் தள்ளினாலும்
ஒரு முகம் இரண்டாகிவிடும்.
தள்ளாமல் பிடிப்பவன் தீனபந்து,
பாலங்கீரிலிருந்து வந்து நாலு வருசம்.
மை இழுக்கும்போது மூச்சு விடமாட்டான்.

போன ஆடியில் இதே மேசையில்தான்
மாமனாரின் லைன் வீட்டுக்கு ஒரு போர்டு அடித்தேன்:
'வடக்கத்தியாருக்கு வாடகைக்கு இல்லை.'
கறுப்பு மட்டும். ஒரே இழுப்பு.

அதற்கும் ஸ்க்ரீன் பிடித்தது அவன்தான்.
தமிழ் படிக்க வராது.
ஈரம் காயுமுன் தலையைச் சாய்த்துப் பார்த்து,
"சார், நேரா இருக்கா?" என்றான்.

நேராகத்தான் இருந்தது.